‘ஆமா’ மட்டும் மிஞ்சிய வாய்

நாயுடுபேட்டை பஜாரில் ஒரு துணிக்கடைக்காரரிடம் லுங்கிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். தெலுங்கில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். பாதியில் அடுத்த சொல் வரவில்லை. சரி, தமிழில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. கையில் பிடித்திருந்த லுங்கி நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

கடைக்காரர் என்னைப் பல வருடமாக அறிந்தவர். ஆனாலும் நாக்கு குளறியதைக் கேட்டதும் நான் பகலிலேயே குடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தார். கடையின் பின்பக்கத்து பெஞ்சில் என்னைக் கிடத்தி, தெளிந்ததும் எழுந்து போகட்டும் என்று வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவிதான் என் வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என் பெயர் கன்னியப்பன். ஊர் நகரி. விசைத்தறிக்காரர்களிடம் லுங்கி வாங்கி, கட்டுக் கட்டாக பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராகப் போய்க் கடைகளில் போடுவது என் தொழில். வாயை வைத்துப் பிழைத்தவன். வடக்கே இருந்து மில் துணி லாரி லாரியாக வந்து இறங்கிய பிறகும் என் லுங்கி விற்றதென்றால், அதற்குக் காரணம் நெசவு பாதி, என் பேச்சு பாதி.

இப்போது என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நான் சில மாதம் கிடந்த பராமரிப்பு இல்லத்தைப் பற்றி, ‘அந்த இல்லம் எப்படி?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். வலது கை இன்னும் பேனா பிடிப்பதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் தேவகி எழுதுகிறாள். சில இடங்களில் அவள் முகம் சுருங்குகிறது. எழுது என்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். வேலூர்ப் பக்கத்து டாக்டர் அம்மா ஒருவர் படத்தை வெளிச்சத்தில் காட்டி தேவகியிடம் தமிழில் சொன்னார்: “மூளையோட இடது பக்கத்துல ரத்தக் குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. அதனால வலது கை, கால் விழுந்துடுச்சு. பேச்சு வர்ற இடமும் அங்கதான். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. சில மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். இவரு லேட்டா வந்துட்டாரு.”

பெஞ்சில் கிடந்தேனே, அந்த நேரம்தான் அது.

“பேசுவாரா?” என்று தேவகி கேட்டாள்.

“வரும், மெதுவா. நாம பேசறது பெரும்பாலும் அவருக்குப் புரியும். அவரு நினைக்கிறதும் சரியாத்தான் நினைப்பாரு. ஆனா நினைச்ச சொல்லு வாய்க்கு வராது. வேற ஏதாவது வரும்.”

எனக்கு வந்தது ‘ஆமா’. அந்த ஒன்று மட்டும்தான். வலிக்கிறதா என்றாலும் ஆமா, வலிக்கவில்லையா என்றாலும் ஆமா. உள்ளே வாக்கியம் முழுதாகத் தயாராக நிற்கும். வாயைத் திறந்தால் ஆமா என்று விழும். ஆத்திரத்தில் கட்டில் கம்பியை இடது கையால் அடிப்பேன். “ஆமா, ஆமா, ஆமா!” நர்ஸ் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவாள்.

மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். விழுங்கத் தெரிகிறதா என்று தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். விழுங்கத் தெரியாதவன் குடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடுமாம். தேவகிக்கு ஸ்ரீசிட்டியில் ஃபேக்டரி வேலை. சத்தியவேட்டில் வீடு. ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து திருப்பதி வருவாள். என் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்குவாள். கம்பியின் தடம் அவள் கன்னத்தில் பதிந்திருக்கும். அவள் புருஷன் பெருமாள் அதே ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஞாயிறு வந்தால் எனக்கு ஷேவிங் பண்ணிவிடுவார். இழுத்துக்கொண்ட பக்கத்துக் கன்னத்தை விரலால் நீவி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் செய்வார். மாமனாருக்கு மருமகன் செய்கிற வேலையா அது? அவர் செய்தார்.

மகன் முரளி அமெரிக்காவிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் படித்து, முதலில் ஹைதராபாத், பிறகு அங்கே. லீவு கொஞ்சம்தான் என்று வந்த அன்றே சொல்லிவிட்டான். அண்ணனும் தங்கையும் என் கட்டிலின் இரு பக்கமும் நின்று பேசினார்கள். வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று எப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்களோ.

“நான் வூட்டுக்கு இட்டுக்கினு போறேண்ணா” என்றாள் தேவகி.

“நீ வேலைக்குப் போய்ட்டா யாரு பார்ப்பாங்க? தினம் பிசியோதெரபி பண்ணணும்னு டாக்டர் சொல்றாங்க. நெட்ல பார்த்திருக்கேன். திருப்பதியிலேயே ஒரு இல்லம். நர்ஸ் இருக்காங்க, எக்ஸர்சைஸ் இருக்கு, ஜன்னலைத் திறந்தா மலை தெரியும்.”

“மலையப் பாத்துக்கினு இன்னாண்ணா பண்ணப் போறாரு?”

முரளி என் பக்கம் குனிந்தான். “நைனா, நல்ல இடம். கொஞ்ச மாசம் இருந்து நடந்து வா. போறியா?”

“ஆமா” என்றேன்.

தேவகி என் கண்ணைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். முரளிக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “பார், அவரே சொல்லிட்டாரு” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

விழுங்க வந்து, குழாய்களை எடுத்த பிறகு அங்கே கொண்டுபோனார்கள். இல்லம் பைபாஸ் ரோட்டை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். மலை தெரிந்தது உண்மைதான். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவருக்குத் தெரியும். எனக்குச் சுவர். காலையில் இட்லியைப் பாலில் கரைத்து எல்லோருக்கும் ஒரே பதத்தில் ஊட்டுவார்கள், பல் இருப்பவர்களுக்கும் சேர்த்து. பிறகு ஈரத்துணியால் துடைப்பு. பிறகு சக்கர நாற்காலியில் வைத்து ஹாலுக்குத் தள்ளிப்போய் டி.வி. முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். பக்திச் சேனல், தெலுங்கில். என் தெலுங்கு பாதிதான் திரும்பியிருந்தது. ஓசை தெரிந்தது, அர்த்தம் நழுவியது. வாழ்நாளெல்லாம் பேசிப் பிழைத்த பாஷை அந்த ஹாலில் எனக்கு வெறும் சத்தம்.

எக்ஸர்சைஸ் சொல்லிக்கொடுப்பவர் வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் வருவார். என் கையைத் தூக்கிப் பிடிப்பார். மேனேஜர் போட்டோ எடுப்பார். கையைக் கீழே விடுவார். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். போட்டோ அமெரிக்காவுக்குப் போய்விடும். “சூப்பர் நைனா, கை தூக்குறியே!” என்று முரளி போனில் சொல்வான். ஆமா என்பேன்.

என் அறையில் ஜன்னல் ஓரக் கட்டிலில் சந்திரய்யா இருந்தார். புத்தலப்பட்டுக்காரர். மாந்தோப்பு வைத்திருந்தவர். இடுப்பெலும்பு உடைந்து, இருதயம் தாங்காது என்று ஆபரேஷன் செய்யாமல் விட்டுவிட்டார்கள். கட்டிலை விட்டு இறங்க முடியாது. மாங்காய் லோடோடு வேலூருக்கும் கோயம்பேட்டுக்கும் போய்வந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். நான் வந்த அன்றே கேட்டார்.

“ஊரு எது?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓ, அதான் வருதா? சரி. நானே பேசறேன். நீ தலைய மட்டும் ஆட்டு. தலைக்கு ஒண்ணும் ஆவலியே?”

ஆகவில்லை. தலையாட்ட எனக்குத் தெரிந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். நகரி வந்ததும் ஆட்டினேன். இருவரும் சிரித்தோம். ஆஸ்பத்திரி சேர்ந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல்.

அந்த இல்லத்தின் கொடுமை அடியோ திட்டோ இல்லை. சாயங்காலக் காப்பிக்குப் பிறகு தண்ணீர் கிடையாது. அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் ராத்திரி சிறுநீர் போவோம், துணி மாற்ற வேண்டும், படுக்கை நனையும். அதனால் பொழுது சாய்ந்ததும் சொம்பை எடுத்துப் போய்விடுவார்கள். திருப்பதி வெயில் எப்படி என்று அந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். சுவரெல்லாம் சூடு கக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாடி முழுக்க ‘நீள்ளு, நீள்ளு’ என்று தெலுங்கிலும், ‘தண்ணி’ என்று தமிழிலும் குரல் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். எனக்கு அந்தச் சொல்கூட வராது.

எங்கள் மாடிக்கு ராமுலம்மா என்றொரு பெண். அனந்தபுரம் பக்கம் மழையில்லாமல் நிலத்தை விட்டுவிட்டு வந்தவள். மாடி முழுவதற்கும் ராத்திரிக்கு அவள் ஒருத்திதான். சந்திரய்யா கெஞ்சினால் தெலுங்கும் தமிழும் கலந்து சொல்வாள்: “தாத்தா, உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். நான் ஒருத்தி எத்தன பேருக்குத் துணி மாத்தட்டும்? எனக்கும் இடுப்புதானே இது?” சொல்லிவிட்டுச் சில நாள் முந்தானையை நனைத்து வந்து எங்கள் உதட்டில் ஒத்திவிடுவாள். மேனேஜருக்குத் தெரியாமல்தான். அவள்மேல் கோபப்பட முயன்றிருக்கிறேன். முழுதாக வந்ததில்லை.

ஒரே பக்கமாகக் கிடக்கும் உடம்பில், எலும்பு துருத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். படுக்கைப்புண் என்பது அதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைத்தால் வராது. புரட்ட ஆள் வேண்டும். சந்திரய்யாவின் முதுகின் அடியில் முதலில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. பிறகு கறுத்தது. பிறகு உடைந்தது. வாடையை மறைக்க அறையில் ஊதுவத்தி ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்னியிலிருந்து அவர் மகன் ரவி வீடியோவில் வருவான். அதற்கு முன்னால் சந்திரய்யாவுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையை முன்பக்கம் மட்டும் கைகளில் மாட்டிவிடுவார்கள். முதுகில் துணி படக்கூடாது அல்லவா, அதனால் சட்டையின் பின்பக்கத்தை நெடுக வெட்டிவிட்டிருந்தார்கள். மேனேஜர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜன்னலில் மலையும் படத்தில் விழும்படி பிடிப்பார்.

“பாகுன்னானுரா” என்பார் சந்திரய்யா. நல்லா இருக்கேண்டா. “சாப்பாடு நல்லாருக்கு. நீ உடம்பப் பாத்துக்க.”

போன் அணைந்ததும் நான் கட்டில் கம்பியை அடித்தேன். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஏன் சொல்லலன்னு கேக்கறியா? சொன்னா வரணும். வந்தா இன்னா பண்ணுவான், கன்னியப்பா? அவனுக்கு லீவு கெடையாது. இன்னொரு இல்லம் பாத்துச் சேப்பான். அதுக்கு இவங்களே மேல். இந்த ராமுலம்மாவாவது ஒதட்ட நனைக்கிறா.”

தேவகி வந்தபோது எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தேன். பக்கத்துக் கட்டிலைக் கைகாட்டினேன். என் முதுகைத் தொட்டுக் காட்டினேன். “ஆமா, ஆமா” என்றேன்.

“இன்னா நைனா, முதுகு வலிக்குதா?”

“ஆமா.”

என்னைப் புரட்டிப் போட்டு முதுகை நீவிவிட ஆரம்பித்தாள். என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வலியால் அழுகிறேன் என்று இன்னும் அழுத்தி நீவினாள். நான் மறுபடி சந்திரய்யாவைக் காட்ட, அவள் திரும்பி, “உங்களுக்கு ஏதாவது வேணுமா பெரியவரே?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். “ஒண்ணுமில்லம்மா. உங்க நைனாவுக்கு நான் நல்லாப் பொழுது போக்கறேன், அதச் சொல்றாரு.”

இதை எழுதும்போது தேவகி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் காத்திருந்தேன்.

சந்திரய்யாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உளறத் தொடங்கினார். தோப்பில் யாரையோ கூப்பிட்டு மாட்டைப் பிடிக்கச் சொன்னார். புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதென்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது முதுகைப் பார்த்த டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்திரய்யா திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் கட்டிலுக்கு வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் பக்கம் எனக்குத் தரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்க முடியாது.

ரவி வந்தான். புத்தலப்பட்டில் காரியம் எல்லாம் முடித்துவிட்டு, அப்பா இருந்த இடம் என்று இல்லத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டான். வடை, பாயசம். இரண்டு புது சக்கர நாற்காலியும் கொடுத்தான். ஹாலில் சந்திரய்யாவின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. மேனேஜர் கைகூப்பி நின்றார். ரவி நல்ல பையன்தான். சென்னையில் இன்ஜினியரிங் படித்தவன், தமிழ் தெரியும். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து பாயசம் கொடுத்துக்கொண்டே வந்தான்.

என்னிடம் வந்ததும் மேனேஜர், “இவருதான் சார் உங்க ஃபாதர் ரூம்மேட். வேணும்னா கேளுங்க” என்றார். அவருக்கு என் வாயில் என்ன வரும் என்று தெரியும்.

ரவி என் நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்தான். “அய்யா, எங்க நாயனா கடைசில நல்லா இருந்தாரா?”

என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. டாக்டர் அம்மா சொன்னது போல மெதுவாக வரவேண்டியது அன்றைக்கு வந்ததோ என்னவோ.

“இல்ல” என்றேன்.

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. விட்டால் போய்விடும் என்று பிடித்துக்கொண்டேன். “இல்ல. தண்ணி. தண்ணி இல்ல. முதுகு.” இடது கையால் என் முதுகைக் காட்டினேன். “முதுகு... ஓட்டை.”

ஓரத்தில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த ராமுலம்மா நின்றுவிட்டாள்.

ரவியின் முகம் வெளுத்தது. அவனுக்குப் புரிந்தது. அதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

“ஸ்ட்ரோக் சார்” என்றார் மேனேஜர். “ஒண்ணு நினைச்சா வேறொண்ணு வரும். தன்னோட முதுகு வலியைச் சொல்றாரு. டாக்டரே எழுதியிருக்காங்க.”

ரவி என்னைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். “ஓ, அப்படியா?” என்றான். எழுந்தான். பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டான்.

மறுநாளே முரளிக்கு போன் போயிருக்கிறது. என்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவாம். வேறு இடம் பார்க்க வேண்டுமாம். முரளி என்னிடம் கத்தினான்: “ஏன் நைனா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?” அத்தனை மாதமாகச் சும்மா இருந்த வாய் அது.

தேவகியும் பெருமாளும் வேனோடு வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ராமுலம்மா ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். நோயாளிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவளை நிறுத்திவிட்டார்களாம். நான் சொன்னதை அவர்கள் நம்பியது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான்.

“நீ சொன்ன. எனக்கு வேல போச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து வந்து, வேனில் சரிந்திருந்த என் வலது கையை எடுத்து என் மடியில் வைத்தாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று தேவகியிடம் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்களோடு வந்து இறங்கிக்கொண்டாள்.

சத்தியவேட்டில் தேவகி நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள், பகலில் என்னோடு இருக்க. தூங்க வேண்டிய நேரத்தில் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கிவிடுகிறாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பெருமாள் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் என்னைப் பிடித்து நடக்கவைத்தார். இப்போது கோலூன்றித் தனியாகப் போகிறேன். தமிழ் முக்கால்வாசி வந்துவிட்டது. தெலுங்கு தட்டுத்தடுமாறி வருகிறது. வியாபாரம் இனி இல்லை.

சில மாதம் கழித்து ஒரு போன் வந்தது. ரவி. இல்லத்தில் முரளி நம்பரைக் கேட்டு, அவனிடம் என் நம்பர் வாங்கினானாம்.

“அய்யா, இப்ப பேசறீங்களாமே” என்றான். “அன்னைக்கு நீங்க சொன்னது... உங்க முதுகையா?”

“இல்ல. அவரோடது.”

எல்லாவற்றையும் சொன்னேன். சொம்பை எடுத்துப்போனதைச் சொன்னேன். பின்பக்கம் வெட்டிய சட்டையைச் சொன்னேன். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன, நேரம் பிடித்தது. அவன் குறுக்கிடவில்லை.

“வாராவாரம் நல்லா இருக்கேன்னுதானே சொன்னாரு?”

“சொன்னாரு.”

“ஏன்?”

“உனக்கு லீவு கெடையாதுன்னு.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

தேவகி கேட்டுக்கொண்டிருந்தாள். “கடைசில சொன்னத மட்டும் வுட்டிருக்கலாம் நைனா. பாவம், அவரு எப்பிடித் தூங்குவாரு?” என்றாள்.

இப்போது இந்த இடம் வந்ததும் மறுபடி அதையே சொல்லிப் பேனாவை நிறுத்தினாள். “எழுது” என்றேன்.